நாலாவது லைனுக்கு ஒரு ட்ரைப்

மார்ச் 3, திங்கள்

காலையிலேயே சுட்டெரிக்கும் வெயில். மாசியே இன்னும் முடியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னலும் திறக்காது. ஒரகடம் வருவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

அமுலு கல்யாணத்துக்கு இன்னும் வாங்காதவை: மஞ்சள் கிழங்கு. பச்சை ரவிக்கைத் துணி. தார்ப்பாய் (பழசு ஓட்டை). கயிறு. டார்ச். பூவுக்குச் சொல்ல வேண்டும். குண்டான் பெரியப்பா வீட்டிலிருந்து.

கேன்டீன் சுவரில் புதுப் போஸ்டர். ஒரு வெள்ளைக்காரப் பெண், கன்னத்தில் மூன்று கோடு, தலையில் இறகு. கீழே: ‘உன் ட்ரைப்பைக் கண்டுபிடி’. சாப்பாட்டு நேரத்தில் எச்.ஆர். பிரீத்தா மேடம் மைக்கோடு வந்தார். தீபாவளிக்கு முன்பு சேர்ந்தவர். “இனிமே நாம டீம் கிடையாது, ஃபேமிலி கிடையாது. நாம ட்ரைப். ட்ரைப்னா ஒருத்தர ஒருத்தர் விட்டுக் குடுக்கவே மாட்டாங்க.” எல்லாரும் கைதட்டினார்கள். சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். 13ஆம் தேதி வியாழக்கிழமை ‘ட்ரைப் டே’. ஒவ்வொரு லைனும் ஒரு ட்ரைப். பேர் வைக்க வேண்டும், வேஷம் கட்ட வேண்டும், ஆட வேண்டும். முதல் பரிசு உண்டு. அன்றைக்கும் முந்தின நாளும் யாருக்கும் லீவு கிடையாது.

13ஆம் தேதி விடியற்காலை மாமல்லபுரம் கடற்கரையில் என் தங்கை அமுலுவுக்குத் தாலி. மாசி மகத்துக்கு எங்கள் சனம் அங்கேதான் கூடும், கல்யாணமும் அங்கேதான். அம்மா இல்லை. தாய் இடத்தில் நின்று அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டியது நான். இந்த மாசக் கடைசியோடு என் காண்ட்ராக்ட் முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்று முடிவுசெய்வது அதே மேடம்.

நல்லா இருக்கு நியாயம்.

சங்கீதா ஒரே குஷி. எனக்கு எதிரில் கார் வயருக்குக் கனெக்டர் போடுகிறவள், பென்னலூர்க்காரி, தினமும் அவளோடுதான் சாப்பாடு. “எலைய கட்டிக்கினு கரிய பூசிக்கினா முடிஞ்சிதுடி கௌரி. ட்ரைபல் ஆயிடலாம். செலவே கெடையாது.”

நான் பீன்ஸ் பொரியலை மென்றேன்.

மார்ச் 5, புதன்

ஏ ஷிப்ட். இரண்டு மணி நேரம் ஓ.டி. கழுத்து வலி.

ஷிப்ட் முடிந்து டான்ஸ் ஒத்திகை. எங்கள் நாலாவது லைனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. முதல் லைன் ஆப்பிரிக்காவாம், இரண்டாவது அமேசானாம். சங்கீதா ஒரு யோசனை சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

“எங்க நெலம் கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி, அறுப்பு முடிஞ்சா எலி புடிக்க இருளனுங்க வருவானுங்க. வளையில பொகைய ஊதிக்கினு, குனிஞ்சிக்கினு, ஓடிக்கினு, செம காமெடிடி. நாங்க பசங்கள்லாம் வரப்புல நின்னு சிரிப்போம். டான்ஸ்ல அத்த பண்ணலாமா?”

எல்லாரும் சிரித்தார்கள். சேகர் சாரும். அவர் எங்கள் சூப்பர்வைசர், நல்ல மனுஷன்தான்.

நைனா பென்னலூர் நிலங்களுக்கு எலி பிடிக்கப் போயிருக்கிறார். யார் கண்டது, அவள் நின்று சிரித்தது நைனாவைப் பார்த்தேகூட இருக்கலாம். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். இதற்குத்தான் நான் யாரென்று இங்கே ஒருத்தரிடமும் சொன்னதில்லை. தண்டலம் கூட்ரோட்டில் பஸ் இறக்கிவிடும், அதனால் தண்டலத்துக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஏரிக்கரை வரை நடப்பது எவருக்கும் தெரியாது. வருஷா வருஷம் மாசி மகத்துக்கு லீவு ஸ்லிப்பில் எனக்கு ஜுரம் வரும்.

தூக்கம் வரவில்லை. இந்த வார்த்தையை எங்கெல்லாம் கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன்:

பள்ளிக்கூடத்தில்: “எஸ்.டி. பிள்ளைங்க கையத் தூக்கு.” நான் மட்டும்.

தாலுகா ஆபீசில்: “பழங்குடின்றீங்க, வூட்ல மிக்ஸி கீது, டிவி கீது. பழங்குடி மாதிரியே தெரியலியே.” அமுலுவின் சாதிச் சர்டிபிகேட்டுக்குப் போனபோது. அப்புறம் நைனாவைப் பார்த்து, பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்டான்.

ஓட்டுக் கேட்க வந்தவர்: “தொல்குடி மக்களே.” ஏரிக்கரைத் தெருவுக்கு விளக்கு இன்னும் வரவில்லை.

பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண், போனில்: “தே ஆர் மை ட்ரைப் யா.” ஓட்டலில் பீட்சா தின்னும் கூட்டத்தைச் சொன்னாள்.

கம்பெனியில்: இறகு.

வீட்டில் நாங்கள் இதில் எதையும் சொல்வதில்லை. சனம் என்போம். எங்க சனம். அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

லீவு கேட்கப் போனேன். சேகர் சார் மேடத்திடம் அனுப்பிவிட்டார். அந்த ரூமில் ஏசி குளிர் எலும்பைத் துளைக்கிறது.

“மேடம், தங்கச்சி கல்யாணம். புதன் மதியம் போவணும், வெள்ளிக்கெழம வந்துடுவேன்.”

“கங்க்ராட்ஸ். பத்திரிகை குடுங்க, சிஸ்டத்துல ஏத்தணும்.” கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே.

“பத்திரிகை அடிக்கல மேடம்.”

“எந்த மண்டபம்னு மட்டும் சொல்லுங்க.”

“மண்டபம் இல்ல. மாமல்லபுரம் கடற்கரையில.”

அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். “பீச் வெட்டிங்கா? எந்த ரிசார்ட்?”

“ரிசார்ட் இல்ல மேடம். மணல்ல.”

“ஆமா, மணல்லதான் பண்ணுவாங்க. என் கசின்கூட அப்படித்தான் பண்ணா. உங்களுக்கு ஈவென்ட் மேனேஜர் யாரு?”

ஈவென்ட் மேனேஜர். நாலு சவுக்குக் கம்பையும் தார்ப்பாயையும் தோளில் போட்டுக்கொண்டு மணலில் கால் புதைய நடக்கும் நைனாவை நினைத்தேன். சிரிப்பு வர வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அடுத்து மேடம் சிரித்துக்கொண்டே சொன்னது: “பீச் வெட்டிங் பண்ற அளவுக்கு வசதின்னா இந்த காண்ட்ராக்ட் வேலை எதுக்கும்மா? கஷ்டப்படறவங்க யாருக்காவது குடுக்கலாமே.”

சும்மா இருக்க முடியுமா. வேலையே போய்விடும் போலிருந்தது. சொல்லிவிட்டேன்.

“நாங்க இருளருங்க மேடம். எஸ்.டி. மாசி மகத்துக்கு எங்க சனம் மொத்தமும் கன்னியம்மாவுக்காக அங்க வரும். சேல கட்டி கூடாரம் போட்டு தங்குவோம். விடிஞ்சா அங்கியே கல்யாணம். காசு இருக்கறதால இல்ல.”

மேடம் கண்ணெல்லாம் விரிய, “நீங்க ட்ரைபா? நிஜ ட்ரைபா? நம்ம கம்பெனியிலயே ஒரு ரியல் ட்ரைப். எனக்கு யாருமே சொல்லலையே” என்றார். குடோனில் தொலைந்துபோன பார்ட் கிடைத்த மாதிரி சந்தோஷம்.

“யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம்” என்றேன்.

“ஏன்? இதுல வெட்கப்பட என்ன இருக்கு? பெருமையா சொல்லணும்.”

வெட்கம் யாருக்கு? எனக்கா? சொன்ன மறுநாள் என் டிபன் பாக்ஸைப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்கப்போகிறவர்களை நினைத்துத்தான் சொல்லாமல் இருக்கிறேன். அதை அந்த ரூமில் நின்று எப்படிச் சொல்வது. நாளைக்கு வரச் சொன்னார்.

ரவிக்கைத் துணி வாங்கியாச்சு. பச்சை கொஞ்சம் அடர்த்தி. அமுலுவுக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். கேட்டிலேயே ஆளுக்கொரு ரோஜா. மதியத்துக்குள் எல்லாம் குப்பைத் தொட்டியில்.

மேடம் கூப்பிட்டார். டீ வேறு கொடுத்தார். லீவு உண்டாம், சம்பளத்தோடு. ஆனால் கம்பெனி வீடியோ ஆட்கள் இரண்டு பேர் என்னோடு கடற்கரைக்கு வருவார்களாம். கல்யாணம், சாமி வருவது, ஆட்டம், எல்லாம் எடுப்பார்களாம். “பாம்பு ஏதாவது இருந்தா இன்னும் நல்லா இருக்கும்.” வியாழன் மதியம் பெரிய திரையில் போடுவார்களாம். “உங்க கம்யூனிட்டிக்கும் நல்ல எக்ஸ்போஷர். பெர்மனென்ட் லிஸ்ட் பத்தியும் அப்புறம் பேசலாம்.”

ஆசை வந்தது. ஏன் மறைக்க வேண்டும், இது என் டைரி. பெர்மனென்ட் என்றால் பி.எஃப்., மெடிக்கல், நைனாவின் கண் ஆபரேஷன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ‘வீடியோதானே’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நைனாவும் அதையேதான் சொன்னார். “எடுத்துக்கினு போவட்டும் வுடு. வருசா வருசம் வெள்ளக்காரன் எடுக்கறான், இவன் எடுத்தா இன்னா கொறஞ்சி பூடும். உனுக்கு வேல முக்கியம்.”

அமுலு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “போன வருசம் கலா அக்காவுக்கு தாலி கட்டும்போது ஒருத்தன் கேமராவ வெச்சிக்கினு கிட்ட வந்தான். வெளிச்சம் சரியா இல்லியாம், இன்னொரு தபா கட்டுங்கன்னான். மாப்ளயும் அவுத்துட்டு திரும்ப கட்டனாரு. அக்கா அழுதுச்சி. அவன் அந்த அழுகையயும் எடுத்தான்.” முறத்தைக் கீழே வைத்தாள். “எனுக்கு ஒரு தபாதான் கட்டணும்க்கா. உனுக்கு வேல போவும்னா கூட்டினு வா. நான் ஒண்ணும் சொல்லல.”

ஒண்ணும் சொல்லலையாம். இதற்கு மேல் என்ன சொல்ல.

மார்ச் 10, திங்கள்

மேடத்திடம் வேண்டாம் என்று சொன்னேன்.

“ஏன்? காசு எதிர்பாக்கறாங்களா?”

“இல்ல மேடம். என் தங்கச்சிக்கு இஷ்டம் இல்ல.”

“நான் உங்க கல்ச்சர ப்ரமோட் பண்ணத்தான ட்ரை பண்றேன்.” முகம் சுருங்கிவிட்டது. அப்புறம் பழையபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு, “அப்ப லீவு கஷ்டம். பாலிசி. ஆப்சென்ட் ஆனா ரினீவல்ல அது வரும், நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

சனிக்கிழமை பாலிசி எங்கே போயிருந்தது?

கேன்டீனில் வேறொரு கூத்து. சுஷ்மா ஜார்கண்டிலிருந்து வந்தவள், என் பக்கத்து டேபிள். அந்தப் பக்கத்துக்காரி என்பதால் மேடம் அவளை ட்ரைபல் ஸ்டெப் சொல்லிக்கொடுக்கச் சொன்னாராம். சுஷ்மா தட்டை வைத்துவிட்டு எல்லார் காதிலும் விழ, “நான் ஆதிவாசி. என் ஊர் எல்லாம் ஆதிவாசி. டான்ஸ், சாமிக்கு. கம்பெனிக்கு நஹி” என்றாள். சொல்லிவிட்டு மறுபடி சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

எனக்கு அவள்மேல் பொறாமை. அப்படிப் பட்டென்று சொல்ல எனக்கு ஏன் வரவில்லை? இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தவளுக்கு இருக்கும் தைரியம் பத்து கிலோமீட்டரில் வீடு இருக்கிறவளுக்கு இல்லை. ஒருவேளை அதனால்தானோ என்னவோ. இங்கே அவளுடைய நைனாவைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் இல்லை.

கை கழுவும்போது அவளிடம் மெதுவாக, “நானும்தான் சுஷ்மா” என்றேன். “அச்சா” என்றாள். குழாயை மூடினாள். அவ்வளவுதான். அது எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

சாப்பாட்டு மணி அடித்ததும் கிளம்பிவிட்டேன். லீவு ஸ்லிப் இல்லை. சேகர் சார் கேட் வரை கூடவே வந்தார். “நான் ஆப்சென்ட்னுதான் போடுவேன், அப்பறம் என்ன திட்டாத. போ, போய் கல்யாணத்த நல்லபடியா பாரு.”

ஏரிக்கரையிலிருந்து இரண்டு லோடு வண்டி. தார்ப்பாய், குண்டான், அடுப்புக்குச் சுள்ளி, இரண்டு கோழி, முப்பது நாப்பது சனம். எழுத முடியவில்லை, வண்டி குலுக்குகிறது. போனை அணைத்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

கடற்கரை. மணல், உப்புக்காற்று, பேனா சரியாக எழுதவில்லை.

எனக்குப் பிடித்த சாமி கன்னியம்மா. கோபம் வந்தால் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டாள். விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடுவாள். அவளைத் திரும்பக் கூப்பிட எங்கெங்கிருந்தோ எங்கள் சனம் மொத்தமும் வந்து மணலில் உட்கார வேண்டும். நேற்று பார்த்தேன், கண்ணுக்கெட்டிய மட்டும் சேலைக் கூடாரம். சிவப்பு, பச்சை, மஞ்சள். இத்தனை பேரா நாங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் ஆச்சரியம்தான். இங்கே ஒருத்தரும் நீ யார் என்று கேட்பதில்லை. எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். அப்புறம் சாப்பிட்டியா.

விடியலில் கன்னியம்மாவுக்கு ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டினோம். மஞ்சள், பூ, விளக்கு, தேங்காய். காற்றுக்கு விளக்கு அணைந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை செய்யூர் பக்கம், வண்டி ஓட்டுகிறவர், பயந்த சுபாவம். கேமராவோடு யாரோ டூரிஸ்ட்காரர்கள் இரண்டு பேர் கிட்டே வந்தார்கள். செய்யூர்ப் பெண்கள் சேலையை விரித்துப் பிடித்துச் சுற்றி நின்றுவிட்டார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே.

அமுலு கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. “அம்மா இருந்திருந்தா” என்று ஆரம்பித்தாள். “வாய மூடு, மை கலையும்” என்றேன். நான்தான் முதலில் அழுதேன்.

ஒரு தடவைதான் கட்டினார். முடிச்சு மூன்றும் இறுக்கமாக.

நைனா மணலிலேயே படுத்துத் தூங்கிவிட்டார். வேலை போனால் போகட்டும்.

மார்ச் 14, வெள்ளி

கண் எரிச்சல். பஸ்ஸில் நின்றபடியே தூக்கம். தலைமுடியில் இன்னும் மணல்.

வேலை போயிருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். கேட்டில் கார்டு வேலை செய்தது. லைனுக்குள் நுழைந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சங்கீதா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “சொல்லவே இல்லியேடி நீ. கல்யாணத்துக்கு போன அந்த பொண்ணுன்னு மேடம் சொல்லித்தான் தெரியும். உனுக்கோசரம்தான் நம்ம லைனுக்கு அந்த பேரு வெச்சோம். மேடம் மைக்ல வாய்க்கு வாய் உங்க ஆளுங்க பேர சொன்னாங்க. ஃபர்ஸ்ட் ப்ரைஸ் நமக்குத்தான். மேல பாரு.”

மேலே பார்த்தேன். லைன் தலைமேல், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் ஒரு போர்டு. ‘இருளா ட்ரைப் — முதல் பரிசு’. கீழே பெரிய போட்டோ. பத்துப் பன்னிரண்டு பேர், உடம்பெல்லாம் கரி, இடுப்பில் இலை. கையில் ரப்பர் எலி. நடுவில் சங்கீதா, கழுத்தில் பிளாஸ்டிக் பாம்பு, நாக்கைத் துருத்திக்கொண்டு.

அவளுக்குக் காதுக்குப் பின்னால் இன்னும் கரி போகவில்லை.

“நீ இருந்திருந்தா உன்னத்தான் நடுவுல நிக்க வெச்சிருப்போம். ஆனா நீ அவ்ளோ கருப்பு இல்லல்ல” என்றாள். கெட்ட எண்ணமே கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

சுஷ்மா அந்த போட்டோவில் இல்லை. தலை குனிந்து வயர் கட்டிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது, லைன் ஓட ஆரம்பித்தது. நான் செக்கிங். கடைசியில் நின்று ஒவ்வொரு பீஸாகப் பார்த்து அனுப்புவது. நிமிர்ந்தால் அந்த போர்டு. குனிந்தால் பீஸ். நிமிர்ந்தால் மறுபடி அந்த நாக்கு. எத்தனை பீஸ் போனது என்று தெரியாது, ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

லைன் நெடுக ஒரு சிவப்புக் கயிறு உண்டு. தப்பான பீஸ் கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். லைன் நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடிவந்து என்ன தப்பு என்று கேட்க வேண்டும். அதைச் சரிசெய்கிறவரை லைன் ஓடக் கூடாது. முதல் நாள் ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தது.

இழுத்தேன்.

சேகர் சார் ஓடிவந்தார். “இன்னா டிஃபெக்ட்?”

“அது” என்று மேலே காட்டினேன்.

“அது போர்டும்மா. பீஸ காட்டு.”

“செக்கிங் நான்தான் சார். அது தப்பா கீது. ரிஜெக்ட். எறக்கினாதான் கயித்த வுடுவேன்.”

அவர் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பக்கத்து லைன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சுஷ்மா கையிலிருந்த டேப்பை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சங்கீதாவுக்கு அழுகை வந்துவிட்டது. “நாங்க இன்னாடி தப்பு பண்ணோம்? உன்ன கௌரவம்தான பண்ணோம்?”

“எங்க நைனா பென்னலூர்ல எலி புடிக்க வந்திருக்காரு சங்கீதா. நீ வரப்புல நின்னு சிரிச்சதா சொன்னியே. அவருதான் அது. இல்லன்னா எங்க பெரியப்பா.”

அவள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது. அவள் தானாகவே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, போர்டின் ஒரு பக்கக் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தாள். மறுபக்கத்துக்கு சேகர் சார் போனார்.

அதற்குள் மேடம் வந்துவிட்டார். லைன் நின்றால் மேலிடம் வரை போன் போகும். ஹீல்ஸ் சத்தம் தூரத்திலிருந்தே கேட்டது.

“யார் கயிறு இழுத்தது?”

“நான்தான் மேடம்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். ரிப்போர்ட் எழுத டேப்லெட்டைத் திறந்துகொண்டு, “உங்க பேர் என்ன?” என்று கேட்டார்.